சோப்புக் குமிழியை அளக்க ஸ்டாப்வாட்சா, ஸ்கேலா?

தொடக்கநிலை 5 படிக்கும் மகளுக்கு ஒரு சந்தேகம்: சோப்புத் தண்ணீரில் கிளிசரின் கலந்தால் குமிழி உறுதியாகுமா? கேள்வி சின்னதுதான். அந்த ‘உறுதி’யை எதை வைத்து அளப்பது என்பதிலேயே எங்கள் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சனிக்கிழமை கரைந்துபோனது.

முதலில் ஸ்டாப்வாட்ச். குமிழியை ஊதிப் பறக்கவிட்டு, உடையும் வரை நேரம் பார்த்தோம். ஒரே கலவைக்கு 11 வினாடி, 43, 19 என்று வந்தது. மகள் சராசரி போட ஆரம்பித்துவிட்டாள், நான்தான் தடுத்தேன். மேலே ஃபேன் ஓடுகிறது, ஒரு குமிழி நாற்காலியில் மோதியது, இன்னொன்று கூரை வரை போனது. இதில் சராசரி எதைச் சொல்லும்?

அடுத்தது ஸ்கேல். கறுப்புத் தட்டில் சோப்புத் தண்ணீரைத் தடவி, நனைத்த ஸ்ட்ராவைத் தட்டில் வைத்து ஊதினால் பாதிக் கோளமாகக் குமிழி எழும்பும். உடைந்ததும் தட்டில் ஒரு நுரை வளையம் மிஞ்சும். அதன் விட்டத்தை ஸ்கேலால் அளந்துவிடலாம், ஆனால் வளையம் கலைவதற்குள் சட்டென்று. எண்கள் நெருக்கமாக வந்தன, எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் இதில் ஒரு ஏமாற்று உண்டு. 10 செ.மீ.க்கும் 11 செ.மீ.க்கும் ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும், உள்ளே இருக்கும் காற்றோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அப்புறம், மெதுவாக ஊதினால் பெரிதாகிறது, வேகமாக ஊதினால் சீக்கிரம் உடைகிறது. ஆக நாம் அளப்பது கலவையையா, ஊதுகிறவரின் பொறுமையையா?

என் தேர்வு இரண்டும் கலந்தது. ஸ்ட்ராவின் நுனியில் ஊசியில்லாத 60 மி.லி. சிரிஞ்சை டேப் போட்டு ஒட்டி, ஒவ்வொரு முறையும் அதே 60 மி.லி. காற்றைத் தட்டில் செலுத்துங்கள். விட்டம் சுமார் 6 செ.மீ. வரும், வளையத்தை அளந்து அதைச் சரிபார்க்கலாம். அளவு இப்படி நிலையாகிவிட்டதால் இப்போது ஸ்டாப்வாட்சுக்கு அர்த்தம் உண்டு. ஃபோனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது, ஸ்ட்ராவை உருவும்போது கை பட்டு உடைந்ததா என்று திருப்பிப் பார்க்கலாம்.

நம் ஊரில் இன்னொன்றையும் பார்க்கணும், ஈரக்காற்று. ஜன்னல் திறந்திருந்தால் குமிழிப்படலத்தின் தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும், ஏர்கான் அறையில் சீக்கிரம் காய்ந்து மெலியும். கிளிசரினின் வேலையே தண்ணீரைப் பிடித்து வைப்பதுதான் என்பதால், வித்தியாசம் ஏர்கான் அறையில்தான் நன்றாகத் தெரியும். காலையில் ஜன்னலோரம் எடுத்ததையும் மதியம் ஏர்கானில் எடுத்ததையும் ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள். சாதாக் கலவை, கிளிசரின் கலவை என்று மாற்றி மாற்றிப் பத்துப் பத்து எடுத்து, சராசரிக்குப் பதில், எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் வரும் இரண்டுக்கும் நடு எண்ணைப் பாருங்கள்.

எந்தக் குமிழியைக் கழிப்பது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். நாங்கள் எழுதவில்லை. 4 வினாடியில் உடைந்த கிளிசரின் குமிழி கணக்கில் வருமா என்று இன்னும் தகராறு. அப்பா இருமியதால்தான் உடைந்தது என்கிறாள் மகள்.