திங்கட்கிழமை செஸ்ட் மட்டும் போதுமா? தசைக்கு வாரம் எத்தனை முறை வேலை கொடுப்பது

திங்கட்கிழமை மாலை எந்த ஜிம்முக்குப் போனாலும் பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி நெஞ்சுக்கு மேலே எடையைத் தள்ளுவது) பக்கம் கூட்டம் நிற்கும். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் ஆர்ம்ஸ், வெள்ளி லெக்ஸ். சேர்ந்த அன்றே பலர் கைக்கு வருவது இந்த அட்டவணைதான். இதில் ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் ஒரே நாள்தான் நேரடி வேலை. இதற்குப் போட்டியாக மூன்று முறைகள் உண்டு: வாரம் 3 நாள் ஃபுல் பாடி (ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும்), 4 நாள் அப்பர்-லோயர் (ஒருநாள் மேலுடம்பு, ஒருநாள் கீழுடம்பு), 6 நாள் புஷ்-புல்-லெக்ஸ் (தள்ளும் தசைகள், இழுக்கும் தசைகள், கால்கள் என்று மாறி மாறி).

கடுமையான பயிற்சி முடிந்ததும் தசை புதுப் புரதம் கட்டும் வேகம் கூடுகிறது. மெக்டூகல் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1995-இல் அளந்தபோது அது 4 மணி நேரத்தில் 50 சதவீதமும், 24 மணி நேரத்தில் 109 சதவீதமும் கூடியிருந்தது. 36 மணி நேரத்தில் ஏறக்குறைய பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. திங்கள் மாலை செஸ்ட் போட்டவருக்குப் புதன் காலையில் அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். இதைப் படித்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் இரட்டிப்பாக வளரும் என்று கணக்குப் போடத் தோன்றும். அது தவறு. தசை வளர்ச்சி ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் 2016-இல் ஆய்வுகளைத் தொகுத்தபோது வாரம் ஒரு முறையைவிட இரு முறை மேல் என்று தெரிந்தது. ஆனால் 2019-இல் இன்னும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வாரத்தின் மொத்த செட் (ஓய்வில்லாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று) எண்ணிக்கை சமமாக இருந்தால் தசை வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை என்று முடிந்தது.

ஆக, வளர்ச்சியைத் தீர்மானிப்பது வாரத்துக்கு எத்தனை நல்ல செட் என்பதுதான். ஒரு தசைக்கு 10 முதல் 20 வரை என்பது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும் அளவு. புதிதாகத் தொடங்குபவருக்கு 6 முதல் 8 செட்டே போதும். எத்தனை நாளாகப் பிரிப்பது என்பது அந்த செட்களின் தரத்தைக் காப்பதற்கான வழி.

செஸ்டுக்கு 12 செட் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் திங்களன்றே போட்டால், பெஞ்ச் பிரஸில் 60 கிலோ முதல் செட்டில் 10 ரெப் (10 முறை தூக்குவது) வரும், நான்காவதில் 7. அடுத்து இன்க்ளைன் டம்பெல்லுக்குப் போகும்போது முன்தோளும் ட்ரைசெப்ஸும் (மேல்கையின் பின்தசை) ஏற்கெனவே தளர்ந்திருக்கும். எட்டாவது செட்டுக்குப் பிறகு ஃப்ளை, கேபிள் எல்லாம் இருப்பதிலேயே குறைந்த வெயிட்டில் ஓடும். பம்ப் (தசை ரத்தத்தால் விம்முவது) நன்றாக இருக்கும், மறுநாள் வலியும் இருக்கும், ஆனால் கடைசி நான்கு செட் தசைக்குப் பெரிதாக எதுவும் சொல்லியிருக்காது. அதே 12 செட்டைத் திங்கள் 6, வியாழன் 6 என்று பிரித்தால் இரண்டு நாளும் புத்துணர்ச்சியோடு தொடங்கலாம். வாரக் கடைசியில் தூக்கிய மொத்த கிலோவை நோட்டில் கூட்டிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

வலியை வைத்து அளப்பதை விட்டுவிட வேண்டும். ஒரே தசைக்கு அடிக்கடி வேலை கொடுத்தால் உடம்பு பழகி வலி குறையும். அதைப் பார்த்துவிட்டு ‘இந்த அட்டவணை வேலை செய்யவில்லை’ என்று மூன்றாவது வாரத்தில் பழைய முறைக்குத் திரும்புபவர்கள் அதிகம்.

பலம் வேறு கதை. ஸ்குவாட்டும் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) பெஞ்சும் தசை அளவை மட்டும் பொறுத்தவை அல்ல. அவை பழக்கத்தால் வரும் திறமைகள். வாரம் ஒரு நாள் ஸ்குவாட் போடுபவர் மாதத்துக்கு நான்கு முறைதான் அதைப் பழகுகிறார். இந்த மூன்று தூக்குகளில் அதிக எடைக்குப் போட்டியிடும் பவர்லிஃப்டிங் செய்பவர்களில் பெரும்பாலோர் ஸ்குவாட்டையும் பெஞ்சையும் வாரம் 2–3 முறை வைத்து, டெட்லிஃப்டை (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) மட்டும் 1–2 முறையோடு நிறுத்துவது இதனால்தான். டெட்லிஃப்டின் களைப்பு இடுப்பிலும் முதுகிலும் தங்கி, அடுத்த ஸ்குவாட்டைக் கெடுக்கும்.

நான்கில் எதை எடுப்பது? ஃபுல் பாடியைத்தான் புதியவர்களுக்கு முதலில் சொல்வேன். ஒருநாள் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோ (எடையை உடம்பை நோக்கி இழுப்பது); அடுத்த முறை ரொமேனியன் டெட்லிஃப்ட் (இடுப்பை மடக்கி எடையோடு குனிந்து நிமிர்வது), ஓவர்ஹெட் பிரஸ் (எடையைத் தலைக்கு மேலே தள்ளுவது), லாட் புல்டவுன் (மேலிருந்து கம்பியைக் கீழே இழுப்பது); ஒவ்வொன்றும் 3 செட், 6 முதல் 10 ரெப், செட்டுக்கு நடுவே 2–3 நிமிட ஓய்வு. திங்கள், புதன், வெள்ளி மாற்றி மாற்றிப் போட்டால் வார்ம்-அப் சேர்த்து 50 நிமிடத்தில் முடியும். இங்கே கெடுப்பது ஒன்றுதான்: எல்லா செட்டையும் தூக்க முடியாமல் நிற்கும்வரை இழுப்பது. இன்னும் 2 ரெப் மிச்சமிருக்கும்போது நிறுத்தினால்தான் புதனன்று ஒழுங்காகத் தூக்க முடியும்.

மொத்த செட் கூடும்போது ஃபுல் பாடி நாள் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். அப்போது அப்பர்-லோயருக்கு மாறுவது சரி. அதில் பலர் தவறுவது கைக் கணக்கில்: பெஞ்சும் ஓவர்ஹெட் பிரஸும் ட்ரைசெப்ஸுக்கும் வேலை கொடுக்கின்றன. அவற்றைப் பாதி செட்டாகவாவது எண்ணாமல் மேலே 12 செட் ட்ரைசெப்ஸ் சேர்த்தால் முழங்கைதான் முதலில் வலிக்கும்.

புஷ்-புல்-லெக்ஸ் ஆறு நாளும் வர முடிகிறவருக்கு மட்டும். வேலை, பயணம், கல்யாணம் காட்சி என்று வாரம் நான்கு நாள்தான் வர முடிந்தால், விடுபடுவது பெரும்பாலும் லெக்ஸ்தான். நாளுக்கு ஒரு பாகம் முறையில் இந்த ஆபத்து இன்னும் பெரிது: ஒரு வெள்ளி தவறினால் காலுக்கு 14 நாள் இடைவெளி. ஃபுல் பாடியில் ஒரு நாள் தவறினாலும் எல்லாத் தசைக்கும் அந்த வாரம் இரண்டு முறை வேலை கிடைத்திருக்கும்.

வாரம் ஒருமுறை எங்கே போதும்? கட்டியதைக் காப்பாற்ற. 2011-இல் வெளிவந்த பிக்கல் குழுவின் ஆய்வில், 16 வாரம் வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி செய்தவர்களில் பலர் அதன்பின் 32 வாரம் வாரத்துக்கு ஒரே நாளாகக் குறைத்தார்கள். 20–35 வயதுக்காரர்களுக்குத் தசை அளவு நிலைத்தது. 60–75 வயதுக்காரர்களுக்கு நிலைக்கவில்லை. அப்பா அம்மாவை ஜிம்முக்கு அழைத்துப் போகிறவர்கள், வேலை மிகுந்த வாரத்திலும் அவர்களுக்கு இரண்டு நாளுக்குக் கீழே குறைக்க வேண்டாம். நேரம் இல்லையென்றால் ஒரு பயிற்சிக்கு ஒரு செட்டைக் குறைத்துக்கொள்ளலாம்.