2 இன்ச் பெட்ரோல் பம்பு: இன்ஜினுக்கு நூறு மார்க், வாஷருக்கு முட்டை

சுழலும் தண்டு வழியே தண்ணீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீலை மாற்றி, பம்பு நேற்றுதான் பட்டறையிலிருந்து வந்தது. பில் கொடுத்த சூட்டோடு எழுதுகிறேன், காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஜினைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகும். சோக்கைப் போட்டு, கயிறு இறுகும் வரை மெதுவாக இழுத்து, அப்புறம் ஒரே வெட்டு, பிடித்துக்கொள்ளும். மன்னார்குடிக்குக் கிழக்கே எங்களுடையது கடைமடை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் வாய்க்கால் தண்ணீர் வயல் மட்டத்துக்கு ஏறாது, இறைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அதே வயலில் சம்பாப் பயிர் முழுகும். அப்போது அதே பம்பை வரப்பில் வைத்து வடிகாலுக்கு இறைக்க வேண்டும். இரண்டுக்கும் முகம் சுளிக்காமல் ஓடுகிறது. ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

ஆனால் சக்‌ஷன் பக்கத்துக்கு, அதாவது தண்ணீரை உறிஞ்சும் பக்கத்துக்கு, கம்பெனி கொடுத்த ரப்பர் வாஷர் இருக்கிறதே! ஒரு கோடை தாண்டினால் கல்லாக இறுகிவிடுகிறது. விளிம்பை நகத்தால் கீறினால் பொடிப்பொடியாக உதிர்கிறது. தண்ணீரை வெளியே தள்ளும் டெலிவரி பக்கம் ஒழுகினால் தண்ணீர் பீய்ச்சும், கண்ணுக்குத் தெரியும். சக்‌ஷன் பக்கம் ஒரு சொட்டும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இன்ஜின் கணீரென்று ஓடும், தண்ணீர் மட்டும் ஏறாது. பார்க்கிறவர்கள் எல்லாம் 'பம்பு போச்சு' என்பார்கள். சோப்பு நுரையை இணைப்பில் தடவிப் பாருங்கள், காற்றுப் பிடிக்கும் இடத்தில் நுரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அங்கே பழைய சைக்கிள் ட்யூபைக் கீறி இறுக்கிச் சுற்றினால் அன்றையப் பொழுது ஓடிவிடும். களிமண் அப்புகிறவர்களும் எங்கள் ஊரில் உண்டு.

சீல் கருகியதும் இந்த வாஷரால்தான். 'செல்ஃப் பிரைமிங்', அதாவது தானே தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்று பெரிதாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். மேல் மூடியைத் திறந்து பம்பு நிறையத் தண்ணீர் ஊற்றினால்தான் அந்த செல்ஃப் எல்லாம். சீலைச் சூடாகாமல் காப்பதும் அந்தத் தண்ணீர்தான். காற்றுப் பிடித்து வெறுமனே ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பது கொதித்துப்போய் சீல் கருகிவிடும். தண்ணீர் அறுந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான் கதை. இரண்டு மூன்று நிமிடத்தில் தண்ணீர் ஏறவில்லையா, உடனே நிறுத்துங்கள்.

சக்‌ஷனுக்கு உள்ளே சுருள் வைத்த தடித்த ஹோஸ்தான் போட வேண்டும். டெலிவரிக்குப் போடும் மடக்கு ஹோஸை மாட்டினால் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். ஹோஸ் முனையில் இருக்கும் ஜல்லடையை மூங்கில் கூடைக்குள் வைத்துக் கயிற்றில் தொங்கவிடுங்கள், சேறு ஏறாது.

பெரம்பலூர்ப் பக்கத்து மச்சான், "கிணத்துல 40 அடியில தண்ணி கிடக்கு, இது எடுக்குமா மாப்ளே?" என்று கேட்டார். எடுக்காது. பம்பு உள்ளே காற்றைக் குறைக்க மட்டுமே செய்கிறது, தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். கணக்குப்படியே உச்சம் 10.3 மீட்டர்தான். நடைமுறையில் 7 மீட்டர், அதாவது 23 அடி தாண்டினால் நம்ப முடியாது. "அப்ப இன்ஜினையே கயித்துல கட்டி உள்ளே இறக்கிட்டா?" என்றார். ஆளைக் கொல்லும் யோசனை இது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கிணற்றுக்குள் தேங்கினால் இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் பக்கத்திலேயே விழுவார். இன்ஜினை நிறுத்திவிட்டாலும் அது சட்டென்று வெளியேறாது. கதவடைத்த மோட்டார் கொட்டகையிலும் இதே ஆபத்துதான். 40 அடிக்கு, தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டார் போடுங்கள், கரண்ட் இல்லையென்றால் ஜெனரேட்டரை மேலே திறந்த வெளியில் வையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஓடும்போதே மூடியைத் திறந்து பெட்ரோல் ஊற்றும் வீரமும் நம் பக்கம் அதிகம். சைலன்சர் இருப்பது டேங்க்குக்குப் பக்கத்தில். நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றுங்கள். மாதக்கணக்கில் சும்மா வைப்பதாக இருந்தால் கார்புரேட்டரில் இருப்பதையும் வடித்துவிடுங்கள், இல்லையென்றால் பிசின் கட்டி, பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் அடைத்துக்கொள்ளும்.

மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கிறது. லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியாகிவிட்டது. இலவச மின்சார இணைப்பு உள்ளவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம், இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்குத்தான் என் வலி புரியும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது நியாயமில்லைதான், ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இத்தனை நல்ல இன்ஜின் செய்யத் தெரிந்தவனுக்கு ஒரு நல்ல வாஷர் போட மனசு வரவில்லையே! பக்கத்து வயல்காரர், "அப்ப எனக்குக் கொடுத்திடுங்களேன், எடுத்துக்கறேன்" என்றார். மழைக்காலம் முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.