நடந்துகொண்டே பேசினால் வைஃபை அறுகிறதா? எக்ஸ்டெண்டர், மெஷ், கேபிள் மூன்றில் எது

ஒரு ரூட்டர் வீடு முழுவதற்கும் போதவில்லை என்றானதும் முன்னால் நிற்பவை மூன்று: சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டர், பல பெட்டிகள் பெரும்பாலும் வயர்லெஸ்ஸாகத் தமக்குள் பேசி ஒரே நெட்வொர்க்காக இயங்கும் மெஷ், ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்துப் பொருத்தும் வைஃபை பெட்டிகளான ஆக்சஸ் பாயின்ட்கள். நான் மெஷ்ஷிலிருந்து ஆக்சஸ் பாயின்ட்டுக்கு மாறியவன். சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேகத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: கீழே தொடங்கிய வீடியோ கால் மாடிக்குப் போய்ச் சேரும்வரை அறுபடக் கூடாது.

எக்ஸ்டெண்டரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் வகை என்றால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பல எக்ஸ்டெண்டர்கள் வேறு பெயரில் தனி நெட்வொர்க் ஒன்றைக் காட்டும். பழையது அநேகமாகச் செத்த பிறகுதான் போன் புதியதைப் பிடிக்கும். ஓரிடத்தில் அசையாமல் இருக்கும் டிவிக்குச் சரி, நடமாடும் போனுக்கு வேண்டாம்.

மற்ற இரண்டையும் எடைபோடுவதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எந்த ஆக்சஸ் பாயின்ட்டோடு இருப்பது, எப்போது தாவுவது என்பதெல்லாம் போன் எடுக்கும் முடிவு. ஆக்சஸ் பாயின்ட் யோசனை சொல்லலாம், மிஞ்சிப்போனால் இணைப்பைத் துண்டித்து விரட்டலாம், அவ்வளவுதான். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு இது: சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (சிக்னல் பலத்தின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம்) கீழே இறங்கினால்தான் வேறு இடம் தேடத் தொடங்கும். தரவு ஓடிக்கொண்டிருக்கும்போது, புதியது குறைந்தது 8 டிபி பலமாக இருந்தால்தான் தாவும். மேக் கணினி மைனஸ் 75 வரை பொறுத்திருக்கும். மற்ற நிறுவனங்களின் போன்களுக்கு வேறு வேறு கணக்கு.

இப்போது கீழ்த்தளப் பெட்டி முழுச் சக்தியில் கத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடியிலும் அது மைனஸ் 67, 68 என்று போனுக்குக் கேட்கும். தலைக்கு மேலேயே இன்னொரு பெட்டி இருந்தாலும் போன் அசையாது. அப்புறம், போனின் ரேடியோவுக்கு ரூட்டர் அளவுக்குச் சக்தி கிடையாது. ரூட்டர் அனுப்புவது போனுக்கு வந்து சேரும். போன் அனுப்புவது ரூட்டருக்குப் போய்ச் சேராது. திரையில் சிக்னல் கோடுகள் தாராளமாகத் தெரியும், பேச்சு மட்டும் திக்கித் திக்கிப் போகும்.

இதற்கு மருந்து, கேட்க விநோதமாக இருந்தாலும், சக்தியைக் குறைப்பதுதான். ஒவ்வொரு பெட்டியும் தன் எல்லைக்குள் நன்றாகக் கேட்க வேண்டும், எல்லை தாண்டியதும் சட்டென்று மங்க வேண்டும். அப்போதுதான் போனுக்குத் தாவக் காரணம் கிடைக்கும். குறிப்பாக 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி வெகுதூரம் போவதால் அதை நன்றாகவே இறக்கலாம். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

கேபிள் ஜெயிப்பது இங்கேதான். வயர்லெஸ் மெஷ்ஷில் பெட்டிகள் ஒன்றையொன்று பலமாகக் கேட்டாக வேண்டும். ஆகவே சிக்னல் இல்லாத அறையில் வைக்க முடியாது. பாதி வழியில், சிக்னல் ஏற்கெனவே நன்றாக இருக்கும் இடத்தில் வைக்கிறோம். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துகிடக்கும், போன் குழம்பும். சக்தியைக் குறைத்தால் பெட்டிகளுக்கு இடையிலான இணைப்பும் சேர்ந்தே பலவீனமாகும். அதற்கும் மேல், வீட்டுக்கென்று விற்கும் பல மெஷ் ஆப்களில் சக்தியை மாற்றும் வசதியே இருக்காது. மூன்றாவது ரேடியோவை இணைப்புக்கென்றே ஒதுக்கும் மெஷ் வேகப் பிரச்சினையைத் தீர்க்கும். எங்கே வைப்பது என்ற கட்டுப்பாடு அப்படியேதான் இருக்கும். கேபிளில் இந்தத் தொல்லை இல்லை: எங்கே வேண்டுமோ அங்கே மாட்டி, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இறக்கலாம். மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்பும் பிஓஇ இருந்தால் பக்கத்தில் பிளக் பாயின்ட் கூடத் தேவையில்லை.

உங்கள் மெஷ் பெட்டியில் கேபிள் செருகும் லேன் துளை இருந்தால், புதிதாக எதுவும் வாங்கும் முன் அவற்றைக் கேபிளால் இணைத்துப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம்.

பெட்டியின் அட்டையில் 802.11 கே, வி, ஆர் என்று போட்டிருப்பார்கள். போன் தாவுவதற்கு உதவும் வைஃபை தரநிலைகள் இவை. கே, ஆர் இரண்டும் 2008-இல் வந்தவை, வி 2011-இல். அண்டைப் பெட்டிகள் எந்தெந்தச் சேனலில் இருக்கின்றன என்று போனுக்குச் சொல்வது கே. இதனால் எல்லாச் சேனல்களையும் துழாவும் நேரம் மிச்சமாகும். வி, 'அங்கே போ' என்று யோசனை சொல்லும். விளம்பரத்தில் அதிகம் பேசப்படும் ஆர், புதிய பெட்டியில் நுழையும்போது நடக்கும் அடையாளச் சோதனையைச் சுருக்குவது; ஒவ்வொருவரும் தனித்தனிப் பயனர் பெயரோடு சர்வர் வழியாக நுழையும் அலுவலகங்களில்தான் பெரிதாக உதவும். எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் உள்ள வீட்டில் அது மிச்சப்படுத்துவது சொற்பம். ஆர்-ஐப் போட்டதும் சில பழைய பிரிண்டர்களும் ஸ்மார்ட் பல்புகளும் இணைய மறுக்கக்கூடும். அப்படி நடந்தால் யோசிக்காமல் அணைத்துவிடுங்கள்.

சுவரில் துளை போட முடியாத வாடகை வீடு என்றால் மெஷ்தான், வேறு வழியில்லை. அமைப்பதும் சுலபம். ஆனால் ஒரு பெட்டி பழுதானால் பெரும்பாலும் அதே நிறுவனத்துடையதைத்தான் தேடியாக வேண்டும். வைஃபை 7 பெட்டிகள் ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசைகளில் இணைப்பை வைத்திருக்கும். அவற்றை வைத்துப் புழங்கிய அனுபவம் எனக்கு இல்லாததால் மேலே சொன்னதை அவற்றுக்கும் சேர்த்துச் சொல்லத் தயங்குகிறேன்.

பழைய ரூட்டரையே ஆக்சஸ் பாயின்ட்டாக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் டிஎச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணைத்துவிட்டு, கேபிளை இணையத்துக்கென்று உள்ள வேன் துளையில் செருகாமல் லேன் துளையில் செருகுங்கள். இரண்டு பெட்டிகளும் தனித்தனியாக ஐபி முகவரி கொடுத்தால், போன் எவ்வளவு அழகாகத் தாவினாலும் கால் அறுந்துதான் போகும்.