ஃப்ரிட்ஜில் கேஸ் போயிடுச்சுன்னு சொன்னா உடனே நம்பாதீங்க

ஃப்ரீசரில் ஐஸ் கட்டி உறைகிறது, ஆனால் கீழ்த்தட்டில் வைத்த பால் திரிந்துபோகிறது. கம்ப்ரெசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஃப்ராஸ்ட் பகுதியை, அதாவது உள்ளே படியும் பனியைத் தானாக உருக்கும் பகுதியைத்தான். பார்க்க வந்த மெக்கானிக் ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றாமலே "கேஸ் போயிடுச்சு, சார்ஜ் பண்ணணும்" என்றால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

அப்படி நிறுத்தாத ஒரு வீட்டில் நடந்தது இது. ஒரே ஆள் இரண்டு முறை கேஸ் போட்டதாகப் பணம் வாங்கியிருக்கிறார். இரண்டு முறையும் சில நாள் நன்றாக ஓடி, மறுபடி கீழே குளிர் இல்லை. மூன்றாவது முறை கம்ப்ரெசரையே மாற்றச் சொல்லிவிட்டார். பிறகு வேறு ஆளை வைத்துப் பார்த்தபோது கம்ப்ரெசரில் கேஸ் ஏற்றும் சார்ஜிங் குழாய் கம்பெனியில் அடைத்தபடியே இருந்தது. முனையை வெட்டிய தடம் இல்லை, புதிதாகப் பற்றவைத்த கருகல் இல்லை, பெயின்ட்கூட உரியவில்லை. கேஸே போடவில்லை. கெட்டிருந்தது, சூடு மிஞ்சினால் பனி உருக்கும் ஹீட்டரின் மின்சாரத்தை வெட்டுகிற, விரல் நுனி அளவுள்ள தெர்மல் ஃபியூஸ் ஒன்றுதான்.

கேஸ் போடாமலே எப்படிச் சில நாள் ஓடியது? இங்கேதான் ஏமாற்றின் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. பின்பலகைக்குப் பின்னால் குளிர் காயில் இருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் வெண்பனியாகப் படியும். அதை உருக்க, பொதுவாக 6 முதல் 12 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை டைமரோ எலக்ட்ரானிக் போர்டோ கம்ப்ரெசரை நிறுத்திவிட்டு ஹீட்டரை 20, 30 நிமிடம் போடும். உருகிய நீர் வடிகுழாய் வழியாகக் கம்ப்ரெசர் மேலுள்ள தட்டுக்குப் போய் ஆவியாகிவிடும். ஹீட்டர் வரிசையில் ஏதாவது ஒன்று கெட்டால் பனி உருகாது. தகடுகளின் இடைவெளி முழுக்க அடைபடும். ஃபேன் சுற்றினாலும் காற்று கீழே இறங்காது. காயிலில் வெந்நீர் ஊற்றியோ ஹாட் கன் காட்டியோ பனியை உருக்கிவிட்டால் போதும், அடைப்பு விலகி ஃப்ரிட்ஜ் சில நாளோ ஓரிரு வாரமோ புதிது போல ஓடும். அதைக் காட்டித்தான் கேஸுக்குக் காசு வாங்குகிறார்கள்.

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பனி உருகுவதற்கு முன்பே பின்பலகையைக் கழற்றுங்கள். பலகை பனியோடு ஒட்டியிருந்தால் நெம்ப வேண்டாம், ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து ஓரங்களை இளக்குங்கள். தண்ணீர் சொட்டும் இடம், டிரையர் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காயில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, கனமாக, வெள்ளையாக மூடியிருந்தால் கேஸ் இருக்கிறது, டிஃப்ராஸ்ட்தான் வேலை செய்யவில்லை. கேஸ் குறைந்த ஃப்ரிட்ஜில் வாயு நுழையும் முதல் சில சுற்றுகளில் மட்டும் பனி இருக்கும், மீதிச் சுற்றுகள் வெறுமையாக இருக்கும். கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ கொண்டு ஐஸைக் குத்தாதீர்கள். அலுமினியக் காயில் ஓட்டையானால் அப்போதுதான் உண்மையிலேயே கேஸ் போகும்.

பலகையைக் கழற்றத் தயங்குபவர்கள் பொருட்களை வெளியே எடுத்து, கதவைத் திறந்துவைத்து, கீழே துண்டு விரித்து, ஒரு முழு நாள் அணைத்து வையுங்கள். பிறகு போட்டதும் நன்றாகக் குளிர்ந்து, சில நாளில் பழைய தொல்லை திரும்பினால் கேஸ்மீது பழி போட இடமே இல்லை.

மல்டிமீட்டர் இருந்தால் எந்த உதிரி என்பதும் தெரிந்துவிடும். தெர்மல் ஃபியூஸில் கன்டினியூட்டி வர வேண்டும், அதாவது மின்சாரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதாக மீட்டர் காட்ட வேண்டும்; வராவிட்டால் போய்விட்டது. ஹீட்டருக்கு, வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஹீட்டரில் அச்சடித்த வாட்டால் வகுங்கள். 230 வோல்ட், 150 வாட் என்றால் சுமார் 350 ஓம். மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. பைமெட்டலில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஹீட்டருக்கு மின்சாரம் விடும் இந்தச் சின்ன சுவிட்ச் குளிரில் மட்டுமே இணையும், சூடானதும் விலகும். அறைச் சூட்டில் சோதித்து "ஓப்பன் ஆயிடுச்சு" என்று நல்ல பைமெட்டலைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். காயில் உறைந்திருக்கும்போதே சோதியுங்கள், அல்லது வேலை செய்யும் வேறு ஃப்ரீசரில் சற்று நேரம் வைத்து எடுத்ததும் சோதியுங்கள். வெறும் ஐஸ் தண்ணீரின் குளிர் போதாது. பைமெட்டலுக்குப் பதில் சென்சார் உள்ள மாடல்களில் அந்த சென்சாரை ஐஸ் தண்ணீரில் விட்டால் ஓம் சீராக ஏற வேண்டும். பழைய மாடலின் டைமரை ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாகத் திருப்பினால் ஒரு கிளிக் வரும், அந்த இடத்தில் கம்ப்ரெசர் நிற்க வேண்டும். அரை மணி நேரம் கழிந்தும் தானாக மறுபடி ஓடாவிட்டால் டைமர் சிக்கிக்கொண்டிருக்கிறது.

உண்மையிலேயே கேஸ் குறைந்திருந்தால் அது தீர்ந்துபோனதாக இருக்க முடியாது, எங்கோ கசிகிறது. கசிவைத் தேடி அடைக்க வேண்டும், புது ஃபில்டர் வைக்க வேண்டும், வேக்கம் போட்டுக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும், நேம் பிளேட்டில் உள்ள கிராம் அளவை எடைபோட்டு ஏற்ற வேண்டும். இவற்றில் எதையும் செய்யாமல் சீக்கிரம் முடித்துக் கிளம்புகிறவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொரு வேலையும் செய்கிறார்கள், இது ஆபத்தானது. ஃபியூஸ் போயிருப்பது தெரிந்தும் புதிது வாங்காமல் இரண்டு ஒயரையும் முறுக்கி டைரக்டாக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். பைமெட்டல் சூட்டிலும் விலகாமல் ஒட்டிக்கொள்ளும் நாளில் ஹீட்டரை வெட்ட எதுவும் இருக்காது, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகும். ஆர் 600 ஏ கேஸ் உள்ள ஃப்ரிட்ஜாக இருந்தால் அந்த வாயுவே தீப்பற்றக்கூடியது. எனவே பலகையை மூடுமுன் ஒயர் இணைப்பை உங்கள் கண்ணால் பாருங்கள். ஃபியூஸ் போவதற்குப் பைமெட்டல் ஒட்டிக்கொண்டது காரணமாக இருக்கலாம் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், மாற்றிய பழைய உதிரிகளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.