ஊசியா, மாத்திரையா? குணமாகாத ஜெர்ம் செல் புற்றுநோயில்

விரையில், விந்தணுவை உருவாக்கும் செல்களில் தொடங்கும் ஜெர்ம் செல் புற்றுநோய் பெரும்பாலும் குணமாகிவிடும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்கும் அடங்காத சிலருக்குத்தான் ஊசியா, மாத்திரையா என்ற இந்தக் கேள்வி.

ஜெம்சிடபின், ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ ஊசிகள் 3 வாரச் சுழற்சி. முதல் நாளும் 8ஆம் நாளும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டி சுருங்கும் வாய்ப்பு இதில்தான் கூடுதல். மிச்சக் கட்டியை அறுவை செய்து எடுத்து, நெடுநாள் நோயின்றி வாழ்பவர்களும் உண்டு, மிகச் சிலர். ஆனால் சிஸ்பிளாட்டினால் ஏற்கெனவே மரத்துப்போன கைகால் இன்னும் மோசமாகலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறையும்.

எட்டோபோசைட் என்ற கீமோ மாத்திரையை வீட்டிலேயே 21 நாள் விழுங்கிவிட்டு, ஒரு வாரம் இடைவெளி. ரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. பலன் பெரும்பாலும் சில மாதங்களே.

உடம்பில் தெம்பிருந்தால் முதலில் ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள் என்பேன். படுக்கையில் இருப்பவரை அதற்காக அலைக்கழிப்பது சரியில்லை. அப்புறம், எதைத் தேர்ந்தாலும் வலிக்கான மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள், தேவையென்றால் மார்ஃபினும்தான்.