இரண்டு நிமிடத்தில் பி-3 எங்கே?

எங்கள் ஊர் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நிற்பது இரண்டே நிமிடம். மாமா வீட்டுக்குப் போகக் கிளம்பிய அன்று, எங்கள் கோச்சான பி-3 பின்பக்கம் வரும் என்று பிளாட்பாரத்து போர்டு காட்டியது. முட்டிவலிக்கார அம்மாவை மெல்ல நடத்தி, 23 கிலோ பெட்டிகள் இரண்டையும் உருட்டிக்கொண்டு பின்கோடியில் போய் நின்றேன். வண்டி உள்ளே நுழையும்போதுதான் தெரிந்தது, வரிசை தலைகீழ். பி-3 எஞ்சின் பக்கம்.

எல்எச்பி என்ற புது வகைக் கோச் ஒன்று கிட்டத்தட்ட 24 மீட்டர். 22 கோச் என்றால் அரைக் கிலோமீட்டர். அம்மாவை எங்கே ஓட வைப்பது? கிடைத்த கதவில் ஏறினோம். எங்களைப் போலவே ஒரு கூட்டம் அதே கதவில் முட்டியது. வண்டி நகர்ந்ததும் யாரோ சங்கிலியை இழுத்துவிட்டார்கள். பாதிக் குடும்பம் கீழேயே நின்றுவிட்டதாம். எந்தக் கோச் என்று தேடி வந்து சரிசெய்து கிளம்புவதற்குள் ஒன்பது நிமிடம் போய்விட்டது.

மாமா ரிட்டயர்டு லோகோ பைலட், அதாவது ரயில் எஞ்சின் டிரைவர். கதையைக் கேட்டதும், "கரண்டும் போச்சு போ" என்றார். நேரம் கையில் இருந்தால் ஸ்டேஷனுக்குச் சில கிலோமீட்டர் முன்பே பவரைக் குறைத்து வண்டியைத் தன்போக்கில் உருள விடுவாராம். லேட் என்றால் அது நடக்காது; கடைசி வரை வேகமாக ஓட்டிவிட்டு பிரேக் போட வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டருக்குப் பதில் 110-ல் போனால் வண்டியில் சேரும் இயக்க ஆற்றல் 21 சதவீதம் கூடுதல். இப்போதைய எஞ்சின்கள் பிரேக் போடும்போது மின்சாரத்தைத் திருப்பித் தரும்தான், ஆனால் செலவானது முழுசாகத் திரும்பாது.

நான் இருக்கும் நெதர்லாந்தில், டென் போஸ் ஸ்டேஷனில் பிளாட்பாரத்துக்கு மேலே 180 மீட்டர் நீள எல்இடி பட்டை ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். கதவு எங்கே வரும், எந்தப் பெட்டியில் இடம் இருக்கிறது என்று வண்டி வருவதற்கு முன்பே அது காட்டியது. நம் ஊருக்கு அவ்வளவு ஆடம்பரம் வேண்டாம். இருக்கிற போர்டு சரியாகக் காட்டினால் போதும். வரிசை மாறினால் பத்து நிமிடம் முன்னால் ஒரு அறிவிப்பு, அவ்வளவுதான்.

விமானம் பிடிக்கத் திரும்பும்போதும் அதே ஸ்டேஷன். இந்த முறை போர்டில் பி-3 நடுவில். அம்மா அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேரே போர்ட்டரிடம் போனார்.

"அந்தத் தண்ணிக் குழாய்கிட்ட நில்லுங்கம்மா."

கதவு குழாய்க்கு நேராக வந்து நின்றது.