மேட்டில் பாய்வதா, சக்கரம் பிடித்துக் காத்திருப்பதா?

மார்ச் மூன்றாவது வாரம் வந்துவிட்டால் சைக்கிள் பந்தயம் பார்க்கிற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் ஓடும்: பொகாச்சரா, வான் டெர் பூலா? ஆறு பேர் இருக்கிறோம். பந்தயத்துக்கு முந்தின இரவே ஒவ்வொருவரும் யார் வெல்வார் என்று ஒரு பெயரை எழுதிவிட வேண்டும், விடிந்தபின் மாற்றக் கூடாது. இப்படிச் சில வருடங்கள் விளையாடியதில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. 'யாருக்குப் பலம் அதிகம்' என்று ஆரம்பித்தால் ஊகம் பெரும்பாலும் தப்புகிறது. 'கடைசி மேடு எங்கே முடிகிறது, அங்கிருந்து எல்லைக்கோடு எவ்வளவு தூரம்' என்று ஆரம்பித்தால் பாதி விடை வரைபடத்திலேயே கிடைத்துவிடுகிறது.

2025 வசந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 22 முதல் ஏப்ரல் 13 வரை, சுமார் மூன்று வாரத்தில் இந்த இருவரும் மூன்று பெரும் ஒருநாள் பந்தயங்களில் நேருக்கு நேர் மோதினார்கள். இத்தாலியின் மிலான்-சான் ரெமோவை வான் டெர் பூல் வென்றார். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பொகாச்சருக்குப் போனது. பிரான்ஸின் பாரிஸ்-ரூபே மறுபடி வான் டெர் பூலுக்கு. மூன்று வாரத்தில் ஒருவரின் கால் வலுவிழந்து இன்னொருவரின் கால் வலுவேறிவிடவில்லை. மாறியது சாலை.

ஸ்லோவேனியாவின் டடே பொகாச்சர் மலையேறுவதில் இன்றைய மன்னர், டூர் டி பிரான்ஸ் வென்றவர், எடை 66 கிலோ அளவில். நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் பூல் சேற்றிலும் மணலிலும் ஓட்டும் சைக்ளோகிராஸில் பலமுறை உலக சாம்பியன், எடை 75 கிலோ அளவில். இந்த ஒன்பது கிலோ வித்தியாசம்தான் ஒப்பீட்டின் அடிப்படை. செங்குத்தான மேட்டில் தன் எடையைத்தானே ஒவ்வொருவரும் தூக்கிச் செல்ல வேண்டும்? அங்கே இலகுவானவருக்கு லாபம். சமதரையில் எதிரி காற்று. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்த எவருக்கும் தெரியும், வேகம் கொஞ்சம் கூடினாலே கால் எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறது என்று. அங்கே மொத்த பலம் பேசும், முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு வருகிறவருக்குப் பெரிய சலுகையும் கிடைக்கும். அதைத்தான் சக்கரம் பிடிப்பது என்கிறேன்.

சான் ரெமோ: பிடித்துக்கொள்கிறவரின் பந்தயம்

ஏறத்தாழ 290 கிலோமீட்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல். அதில் முடிவைத் தீர்மானிப்பவை கடலோரத்தில் வரும் இரண்டு மேடுகள்தான். சிப்ரெஸ்ஸா 5.6 கிலோமீட்டர், சராசரி ஏற்றம் 4 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். போஜியோ 3.7 கிலோமீட்டர், சராசரி 4 சதவீதத்துக்கும் குறைவு. போஜியோவின் உச்சியிலிருந்து எல்லைக்கோட்டுக்கு 5.5 கிலோமீட்டர்போல இருக்கும், அதில் முதல் பாதி வளைந்து வளைந்து இறங்கும் சரிவு.

போஜியோவை முன்னணி வீரர்கள் ஆறு நிமிடத்துக்குள் ஏறிவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் மணிக்கு 37 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் ஏற்றத்திலும் காற்று தடுக்கும், சக்கரம் பிடிப்பவருக்கு மறைப்பு கிடைக்கும். பொகாச்சருக்கு இந்தப் பந்தயம் இவ்வளவு கஷ்டமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அவர் எவ்வளவு பாய்ந்தாலும் சாலை அவருக்குத் தேவையான செங்குத்தைத் தருவதில்லை.

2025-இல் சிப்ரெஸ்ஸாவிலேயே பாய்ந்தார். அணித்தோழர்கள் வேகத்தை ஏற்றிக் கொடுக்க, அவர் கிளம்பியபோது உச்சி வரை தாக்குப்பிடித்தவர்கள் இரண்டே பேர்: வான் டெர் பூலும் இத்தாலியின் ஃபிலிப்போ கன்னாவும். போஜியோவில் பொகாச்சர் மறுபடி மறுபடி பாய்ந்தார். கன்னா கழன்றார், விடாமல் மிதித்து மறுபடி வந்து சேர்ந்தார். வான் டெர் பூல் மட்டும் வெள்ளைச் சட்டை அணிந்த பொகாச்சரின் பின்சக்கரத்தை விடவே இல்லை. உச்சிக்கருகே அவரே ஒருமுறை பாய்ந்தும் பார்த்தார். கடைசி நேர்சாலையில் யாரும் எதிர்பார்க்காத தூரத்தில், ஏறத்தாழ 300 மீட்டர் இருக்கும்போதே ஸ்பிரிண்டை, அதாவது எல்லைக்கோடு வரையிலான கடைசி முழுவேக ஓட்டத்தை, தொடங்கினார். கன்னா இரண்டாவது, பொகாச்சர் மூன்றாவது.

எங்கள் குழுவில் அன்றிரவு பெரிய வாக்குவாதம். 'சிப்ரெஸ்ஸாவில் பலத்தை வீணாக்கிவிட்டார், போஜியோ வரை பொறுத்திருக்கலாம்' என்றார்கள் மூன்று பேர். நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2024-இல் போஜியோவுக்காகத்தான் காத்திருந்தார். ஸ்பிரிண்ட் வீரர்கள் பலர் கூடவே வந்து சேர்ந்து, கடைசியில் யாஸ்பர் ஃபிலிப்சன் வென்றார், பொகாச்சர் மூன்றாவது. இரண்டு வருடமும் அதே மூன்றாம் இடம்தான். ஆனால் 2025-இல் அவரோடு எல்லைக்கோட்டுக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஒரு கூட்டத்தோடு ஸ்பிரிண்ட் போடுவதைவிட இரண்டு பேரோடு போடுவது எவ்வளவோ மேல். பாய்ந்ததில் தவறில்லை, அந்த நாளில் அவரைவிடப் பொருத்தமான ஒருவர் சக்கரம் பிடித்திருந்தார்.

ஃபிளாண்டர்ஸ்: காத்திருந்தால் கெட்டது

பெல்ஜியத்தில் ப்ரூஜிலிருந்து ஆவுடெனார்டுக்கு, 269 கிலோமீட்டர். இங்கே மேடுகள் குட்டை, ஆனால் மூர்க்கமானவை. பல மேடுகளில் கல் பாவிய சாலை. ஆவுடே குவாரமோன்ட் 2.2 கிலோமீட்டர், அதை மூன்று முறை ஏற வேண்டும். கடைசி முறை ஏறி முடித்த கையோடு பாட்டர்பெர்க் வருகிறது. நீளம் 400 மீட்டருக்குள், செங்குத்து 20 சதவீதம் வரை. அங்கே வேகம் இறங்கிவிடும், சக்கரம் பிடித்தும் பயனில்லை. அதன் உச்சியிலிருந்து எல்லைக்கோடு 13 கிலோமீட்டர் சமதரை.

இந்தப் பந்தயத்தில் காத்திருப்பதன் விலையைப் பொகாச்சர் 2022-இல் கொடுத்தார். குவாரமோன்டிலும் பாட்டர்பெர்க்கிலும் வான் டெர் பூலை உதற முடியாமல் இருவருமாக எல்லைக்கு வந்தார்கள். யார் முதலில் கிளம்புவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வேகத்தைக் குறைக்க, பின்னாலிருந்து டிலான் வான் பார்லேவும் வாலன்டின் மதுவாவும் வந்து சேர்ந்துவிட்டார்கள். வான் டெர் பூல் வென்றார். பொகாச்சருக்கு இரண்டாவது இடம்கூட இல்லை, நான்காவது.

அடுத்த வருடம் அந்தத் தவறு திரும்பவில்லை. 2023-இல் குவாரமோன்டில் வான் டெர் பூலை உதறித் தனியாக வென்றார். 2025-இல் கடைசி குவாரமோன்ட் வந்தபோது முன்னணியில் அவரோடு வான் டெர் பூல், மட்ஸ் பெடர்சன், வௌட் வான் ஆர்ட், யாஸ்பர் ஸ்டாய்வன். எல்லாம் பெயர் பெற்ற வீரர்கள். 18 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது பொகாச்சர் கிளம்பினார், அவ்வளவுதான்.

தனி ஆள் ஒருவரை நான்கு பேர் சேர்ந்து சமதரையில் பிடிக்க முடியாதா? முடியும், நால்வரும் மனதார மாறி மாறி முன்னால் வந்து இழுத்தால். ஆனால் பிடித்த பிறகு வருவது ஸ்பிரிண்ட். அதற்குக் கொஞ்சம் பலத்தைச் சேமிக்காதவர் முட்டாள் என்று நால்வருக்கும் தெரியும். ஆகவே நால்வரும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்தே இழுப்பார்கள். இடைவெளி ஏறும். அன்று ஒரு நிமிடம் வரை ஏறியது. பெடர்சன் இரண்டாவது, வான் டெர் பூல் மூன்றாவது. வான் டெர் பூல் அன்று நடுவில் ஒருமுறை விழுந்து எழுந்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் விழாமல் இருந்திருந்தாலும் அந்தக் கடைசி குவாரமோன்டில் முடிவு மாறியிருக்காது என்றே நினைக்கிறேன்.

ரூபே: கை தெரிந்தவரின் பந்தயம்

ரூபேயில் மேடே இல்லை. சுமார் 260 கிலோமீட்டரில் 55 கிலோமீட்டர், 30 துண்டுகளாகக் கல் பாவிய சாலை. குவாரமோன்டின் கற்களைப்போல் ஒழுங்காகப் பதித்தவை அல்ல இவை. வயலுக்கு நடுவே டிராக்டர் போகும் பாதை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் பள்ளம், நடுவில் மேடு, ஓரத்தில் மண். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் முழங்கை வரை அதிரும், தளர்த்திப் பிடித்தால் சைக்கிள் போகிற போக்கில் போகும். எடை கூடியவருக்கு இங்கே நஷ்டமில்லை, லாபம்தான்.

2025-இல் பொகாச்சர் இங்கே முதல்முறையாக வந்தார். வருவதே அபூர்வம், டூர் வெல்கிறவர்கள் இந்தக் கற்களை ஒதுக்கிவிடுவதுதான் வழக்கம். வந்தவர் எல்லோரையும் உதறி, கடைசியில் வான் டெர் பூலோடு தனியாக நின்றார். 38 கிலோமீட்டர் மிச்சம். கல்சாலையில் ஒரு வலது வளைவு. முன்னால் போன பொகாச்சர் வேகம் குறைக்கத் தவறி, வளைவைத் தாண்டி நேராக ஓரத் தடுப்பில் போய் மோதினார். ஒட்டிப் பின்னால் வந்த வான் டெர் பூல் அதே வளைவைச் சரியாக எடுத்துப் போனார். பொகாச்சர் எழுந்து, கழன்ற செயினைச் சரிசெய்து கிளம்புவதற்குள் இடைவெளி விழுந்துவிட்டது. பிறகு வான் டெர் பூலுக்கும் பஞ்சர் ஆனது, பார்வையாளர் ஒருவர் எறிந்த தண்ணீர் பாட்டில் முகத்தில் பட்டது. எதுவும் அவரை நிறுத்தவில்லை. 2023, 2024, 2025 என்று வரிசையாக மூன்றாவது வெற்றி.

'விழாமல் இருந்திருந்தால்?' என்று கேட்பவர்களுக்கு என் பதில்: விழுந்ததும் பந்தயத்தின் ஒரு பகுதிதான். சேற்றில் வளைவெடுத்தே வளர்ந்தவருக்கும் அந்தச் சாலையை முதல்முறை பந்தய வேகத்தில் ஓட்டுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு வளைவில் தெரிந்தது. ஆனால் ஊகிக்கிறவருக்கு ரூபே ஆபத்தான இடம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2023-இல் கார்ஃபூர் டெ லார்ப்ர கல்சாலையில் வான் ஆர்ட்டும் வான் டெர் பூலும் சமமாகப் போய்க்கொண்டிருந்தபோது வான் ஆர்ட்டின் டயர் பஞ்சர். அதை எந்த வரைபடமும் முன்கூட்டிச் சொல்லாது.

மூன்றாவது வழி: ஆள் பலம்

பாய்வது, காத்திருப்பது இரண்டையும் தவிர எண்ணிக்கையால் வெல்லும் வழி ஒன்றிருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் மூன்றிலும் சிறந்தது. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி ட்வார்ஸ் டோர் ஃப்ளாண்டெரன் பந்தயத்தில் விஸ்மா அணி அதை வைத்து என்ன செய்தது என்று பார்த்தபோது எனக்கு மனசே ஆறவில்லை.

முன்னணியில் நான்கு பேர். அதில் மூவர் விஸ்மா: வான் ஆர்ட், மத்தேயோ ஜோர்கென்சன், டீஷ் பெனோட். நான்காமவர் வேறு அணியின் அமெரிக்கர் நீல்சன் பவ்லெஸ். மூன்றுக்கு ஒன்று. அணி முடிவெடுத்தது: யாரும் பாய வேண்டாம், வான் ஆர்ட்டை ஸ்பிரிண்டுக்குக் கொண்டுபோவோம். முந்தின வருடம் இதே பந்தயத்தில் படுமோசமாக விழுந்து எலும்பு முறிந்தவர் அவர். அவருக்கு ஒரு வெற்றி வேண்டும் என்ற ஆசை புரிகிறது. வரேகெமின் கடைசி நேர்சாலையில் வான் ஆர்ட் எழுந்து மிதித்தார், பவ்லெஸ் அவரைத் தாண்டினார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. பின்னர் வான் ஆர்ட் பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டார்.

"மூணு பேர் இருந்தும் எப்படிண்ணா தோத்தாங்க?" என்று குழுவில் ஒரு தம்பி கேட்டான். அவனுக்கு எழுதியதையே இங்கும் எழுதுகிறேன். ஜோர்கென்சன் பாய்ந்தால் பவ்லெஸ்தான் துரத்த வேண்டும், மற்ற இருவரும் அவர் பின்னால் சும்மா வரலாம். அவர் பிடித்த உடனே பெனோட் பாய்ந்தால் மறுபடி அவர்தான் துரத்த வேண்டும். மூன்றாவது முறைக்குக் கால் தாங்காது. ஸ்பிரிண்டுக்குக் காத்திருந்ததும் இந்த மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு ஒன்றுக்கு ஒன்றாகச் சுருங்கிவிட்டது. அதைவிட மோசம், வான் ஆர்ட்டுக்காகத் தோழர்கள் முன்னால் போய்க் காற்றை மறைத்தபோது பவ்லெஸுக்கும் அதே மறைப்பு இலவசமாகக் கிடைத்தது.

2015-இல் ஓம்லூப் பந்தயத்தில் டாம் போனென், நிக்கி டெர்ப்ஸ்ட்ரா, ஸ்டெயின் வான்டன்பெர்க் மூவரும் ஒரே அணி, கூட வந்த இயன் ஸ்டானர்ட் தனி ஆள். அங்கே பாய்ந்தார்கள்தான். ஆனால் அதுவரை அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டு, எல்லை நெருங்கிய பிறகு பாய்ந்தார்கள். ஸ்டானர்ட் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, கடைசியில் டெர்ப்ஸ்ட்ராவை ஸ்பிரிண்டில் தோற்கடித்தார்.

ஸ்பிரிண்டில் யார் வேகம் என்ற பட்டியலை நான் நம்புவதை விட்டதும் இதனால்தான். 2021 ஃபிளாண்டர்ஸில் காஸ்பர் ஆஸ்கிரீன் வான் டெர் பூலையே ஸ்பிரிண்டில் வென்றார். 2025-இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டல் கோல்டு பந்தயத்தில் மத்தியாஸ் ஷெல்மோசே பொகாச்சரையும் எவனபூலையும் வென்றார். நாள் முழுக்க மிதித்த பிறகு வருகிற ஸ்பிரிண்ட் வேறு சங்கதி.

அந்த ஆம்ஸ்டல், காத்திருப்பதைவிடப் பாய்வதே மேல் என்ற என் கட்சிக்கு எதிரான சாட்சியும்கூட. பொகாச்சர் 40 கிலோமீட்டருக்கு மேல் மிச்சமிருக்கும்போதே பாய்ந்து, பிடிபட்டு, தோற்றார். தொலைவு கூடினால் எப்படிப்பட்ட பாய்ச்சலும் வற்றும். ஒரு வாரம் கழித்து பெல்ஜியத்தின் லியேஜ் பந்தயத்தில் லா ரெதூட் மேட்டில் பாய்ந்தபோது தூரம் அதைவிடப் பெரிதாகக் குறைந்துவிடவில்லை, 35 கிலோமீட்டருக்குக் கிட்டே. ஆனால் அந்த மேடு நீண்டது, செங்குத்தானது, பின்னாலும் ஏற்றங்கள் தொடர்ந்தன. அங்கே யாராலும் நெருங்க முடியவில்லை.

ஆக, பெயர் எழுதச் சொன்னால் நான் எழுதுவது இப்படி. லியேஜுக்குப் பொகாச்சர், யோசிக்கவே வேண்டாம். ஃபிளாண்டர்ஸுக்கும் அவர்தான், கடைசி குவாரமோன்டின் அடிவாரத்தில் முதல் பத்துப் பேருக்குள் இருக்கிறாரா என்று மட்டும் பார்ப்பேன். சான் ரெமோவுக்கு வான் டெர் பூல், சிப்ரெஸ்ஸாவில் பின்காற்று பலமாக அடிக்கும் நாளாக இருந்தால் மட்டும் பொகாச்சருக்கு மாறுவேன், ஏனென்றால் காற்று முதுகில் இருந்தால் சக்கரம் பிடிப்பவருக்குக் கிடைக்கும் சலுகை சுருங்கிவிடும். ரூபேக்கு வான் டெர் பூல். இரண்டாவது பெயர் எழுத அனுமதித்தால் பெடர்சன். 2025-இல் கென்ட்-வேவெல்கெம் பந்தயத்தில் 50 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி வென்றவர், ரூபேயில் பஞ்சர் ஆகியும் மூன்றாவதாக வந்தவர். அந்தக் கற்கள் ஒருநாள் அவருக்கும் வழிவிடும் என்று நம்புகிறேன்.